அறுபது தாண்டிய கல்லீரலும் ஆறு கணிப்பான்களும்: ஒரு விமர்சனம்

மஞ்சள் காமாலையோடு உளறிக்கொண்டு ஒருவர் ஐ.சி.யு.வுக்கு வந்தால், கல்லீரல் திடீரென்று செயலிழந்துவிட்டதோ என்ற சந்தேகத்தில், ரத்தம் எடுத்து அனுப்பிய கையோடு ட்யூட்டி டாக்டர் ஃபோனை எடுப்பார். நாலைந்து எண்களைத் தட்டினால் ஒரு மார்க் வரும். 'இங்கேயே வைத்துப் பார்க்கலாமா, கல்லீரல் மாற்று அறுவை செய்யும் இடத்துக்கு இப்போதே ஆம்புலன்ஸ் ஏற்றணுமா' என்ற பேச்சு அந்த மார்க்கிலிருந்துதான் தொடங்கும். இந்தக் கணிப்பான்கள் எல்லாமே இலவசம். அதனாலோ என்னவோ, எது யாருக்குப் பொருந்தும் என்று யாரும் கேட்பதில்லை.

இங்கே ஆறு கணிப்பான்களைப் பார்க்கிறோம். லண்டன் கிங்ஸ் காலேஜ் விதிகள், பாரிஸ் பக்கத்துக் கிளிஷி விதிகள், மெல்ட் ஸ்கோர், சண்டிகரின் ஆறு குறிகள், டெல்லியின் ஆல்ஃபெட், அமெரிக்காவின் திடீர் கல்லீரல் செயலிழப்பு ஆய்வுக் குழு (ஏ.எல்.எஃப்.எஸ்.ஜி.) தந்த குறியீடு. அறுபது தாண்டிய நோயாளியை இவை எப்படி நடத்துகின்றன என்பது மட்டும்தான் கேள்வி. இருபத்தைந்து வயதுக்காரருக்கு எது சிறந்தது என்று இங்கே தேடாதீர்கள்.

முதலில் எல்லையைச் சொல்லிவிடுகிறோம். ஏற்கெனவே கல்லீரல் நோய் இல்லாதவர், ஐ.என்.ஆர். (ரத்தம் உறையத் தாமதமாவதைக் காட்டும் எண், இயல்பு ஒன்றை ஒட்டி) 1.5 அல்லது அதற்கு மேல், கூடவே கல்லீரல் கெட்டதால் வரும் மூளைத் தடுமாற்றம், எல்லாம் 26 வாரத்துக்குள். இந்த நாலும் சேர்ந்தால்தான் திடீர் கல்லீரல் செயலிழப்பு. பத்து வருடச் சர்க்கரையும் கொழுப்புக் கல்லீரலும் உள்ள எழுபது வயதுக்காரருக்குக் காமாலை வந்தால், அது பல நேரம் பழைய சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறிப்போவது) மேல் விழுந்த புது அடி. அவருக்குக் கிங்ஸ் விதியைப் போட்டுப் பார்ப்பது பஸ் டிக்கெட்டோடு ரயில் ஏறுவது மாதிரி. இதற்கு நேர் எதிரான தவறும் நடக்கிறது. வாரக்கணக்கில் இழுக்கும் வகையில், செத்த திசுவுக்கு நடுவே புதிதாக வளரும் முடிச்சுகளால் கல்லீரல் மேற்பரப்பு ஸ்கேனில் கரடுமுரடாகத் தெரியும். வயதையும் பார்த்து 'சிரோசிஸ்' என்று ரிப்போர்ட் எழுதிவிடுவார்கள். மாற்று அறுவைப் பேச்சு அங்கேயே நின்றுபோகும்.

ஆறையும் ஒரே தராசில் வைக்க ஒரு கற்பனை நோயாளியை எடுத்துக்கொள்வோம். 64 வயதுப் பெண், 42 கிலோ. காசநோய்க்கு ஐந்து வாரமாக மாத்திரை. கண் மஞ்சளாகிப் பத்தாவது நாள் தடுமாற்றம், இரண்டாம் நிலை (லேசான குழப்பம் முதல் நிலை, கோமா நான்காவது). பிலிருபின் (காமாலையின் மஞ்சள் நிறமி) 16, ஐ.என்.ஆர். 3.2, புரோத்ராம்பின் நேரம் (ரத்தம் உறைய ஆகும் நேரம்) 38 நொடி, கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு) 1.1, தமனி ரத்த அமோனியா (கல்லீரல் அகற்ற வேண்டிய கழிவு) 140. விழுந்த ரத்த அழுத்தத்தை ஏற்றும் மருந்து எதுவும் ஓடவில்லை.

கிங்ஸ் விதிகள் 1989-ல் வந்தவை. 1973 முதல் 1985 வரை அந்த மருத்துவமனைக்கு வந்த 588 பேரின் கேஸ் ஷீட்டிலிருந்து பிறந்தவை. பாராசிட்டமால் அல்லாத காரணம் என்றால் ஐ.என்.ஆர். 6.5-க்கு மேல் போனாலே போதும், விதி நிறைவேறியது. இல்லையென்றால் ஐந்தில் மூன்று வேண்டும்: வயது 10-க்குக் கீழ் அல்லது 40-க்கு மேல், மருந்து ஒவ்வாமை போன்ற சாதகமில்லாத காரணம், காமாலைக்கும் தடுமாற்றத்துக்கும் நடுவே 7 நாளுக்கு மேல் இடைவெளி, ஐ.என்.ஆர். 3.5-க்கு மேல், பிலிருபின் 17.5 மில்லிகிராமுக்கு மேல்.

நம் 64 வயதுப் பெண்ணுக்கு இதைப் போட்டுப் பாருங்கள். வயது ஒன்று, மருந்து ஒன்று, பத்து நாள் ஒன்று. மூன்று வந்துவிட்டது. பரிசோதனைக் கூடத்திலிருந்து ஒரு எண்கூட வராமல், வாசலில் நின்றபடியே 'மாற்று அறுவை இல்லாமல் பிழைப்பது கடினம்' என்று தீர்ப்பு! இதே பெண்ணுக்கு வயது 36 என்றால் இரண்டுதான், விதி நிறைவேறாது. இந்த விதிகளில் வயது செய்யும் வேலை இதுதான். முதிய நோயாளிக்கு ஒரு மார்க் கையோடு வந்துவிடுகிறது. முதியவர்களிடம் மருந்தால் வரும் கேஸ் அதிகம் என்பதால் பலருக்கு இரண்டாவது மார்க்கும் வந்துவிடுகிறது. மிச்சம் இருப்பது ஒரே ஒரு கேள்வி. ஐந்து கேள்வித் தேர்வு ஒரு கேள்வித் தேர்வாகச் சுருங்கிவிடுகிறது.

இன்னொரு குறை, வயதைக் கோடு போட்டு வெட்டியிருப்பது. 41 வயது பாடி பில்டருக்கும் 81 வயதுத் தாத்தாவுக்கும் ஒரே மார்க். 39-க்கும் 41-க்கும் நடுவே மட்டும் மலை. நாற்பது வருட மருத்துவ முன்னேற்றத்துக்கு முந்தைய நோயாளிகளை வைத்துப் போட்ட கோடு அது. பட்டியலில் ஹாலோதேன் மயக்க மருந்தும், 'ஏ-யும் இல்லை பி-யும் இல்லை' என்ற ஹெப்படைட்டிஸும் இன்னும் உட்கார்ந்திருப்பதே அதன் வயதைக் காட்டிவிடும். பாராசிட்டமால் அல்லாத கேஸ்களில் பல ஆய்வுகளைத் திரட்டி 2010-ல் பார்த்தபோது, இந்த விதிகள் சாகப்போகிறவர்களில் 68 சதவீதம் பேரைத்தான் பிடித்தன. பிழைக்கப்போகிறவர்களில் 82 சதவீதம் பேரைச் சரியாக விட்டுவைத்தன. 'நிறைவேறியது' என்றால் நம்பலாம், 'நிறைவேறவில்லை' என்றால் நிம்மதி அடையக் கூடாது. முதியவரிடம் முதல் பாதியும் கொஞ்சம் ஆட்டம் காண்கிறது என்பதுதான் இங்கே கூடுதலாகச் சொல்ல வேண்டியது.

ஆனாலும் ஐந்துக்கு மூன்றரை கொடுப்போம். காரணம் அந்த 'இடைவெளி' கேள்வி. மெதுவாக வரும் செயலிழப்பு தானாகத் தேறுவது குறைவு. மற்ற பல கணிப்பான்கள் இதைக் கேட்பதே இல்லை. கேட்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். நாள் எண்ணுவது கண் மஞ்சளான நாளிலிருந்து. காய்ச்சல் வந்த நாளிலிருந்து இல்லை. தனியாக இருக்கும் முதியவருக்கு அது பெரும்பாலும், வெளியூரில் இருக்கும் மகன் வீடியோ காலில் பார்த்துக் கண்டுபிடித்த நாளாக இருக்கும். சிறுநீர் எப்போது டீ டிகாஷன் நிறத்துக்கு மாறியது என்று கேட்டால் உண்மைக்கு இன்னும் பக்கத்தில் போகலாம்.

பாராசிட்டமால் அளவு மீறியவர்களுக்கு கிங்ஸ் தனி விதி வைத்திருக்கிறது: நீரேற்றிய பிறகும் தமனி ரத்தத்தின் பி.ஹெச். 7.3-க்குக் கீழ், அல்லது ஐ.என்.ஆர். 6.5-க்கு மேல், கிரியாட்டினின் 3.4-க்கு மேல், மூன்றாம் நான்காம் நிலைத் தடுமாற்றம் மூன்றும் 24 மணி நேரத்துக்குள் சேர்ந்து. அதில் வயதுக்கு இடமே இல்லை. ஒரே மருத்துவமனை, ஒரே கட்டுரை, ஒரு காரணத்துக்கு வயது முக்கியம், இன்னொன்றுக்கு இல்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

அடுத்தது மெல்ட். ஃபோனில் அதிகம் தட்டப்படுவது இதுதான். பிலிருபின், ஐ.என்.ஆர்., கிரியாட்டினின் மூன்றையும் மடக்கை எடுத்துப் பெருக்கிக் கூட்டுகிறது. வயது கேட்காது. நம் நோயாளிக்குப் பிலிருபினிலிருந்து 10.5, ஐ.என்.ஆரிலிருந்து 13, கிரியாட்டினினிலிருந்து 0.9, நிலையான 6.43. மொத்தம் 31. இந்த நோயில் 30 தாண்டினால் மோசம் என்று பொதுவாக எடுத்துக்கொள்வார்கள். 24 வயதானாலும் 84 ஆனாலும் அதே 31.

வயது கேட்காதது நியாயம் போலத் தெரியும். ஆனால் வயது பின்வாசல் வழியாக உள்ளே வந்து கணக்கைக் கெடுக்கிறது. கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது. தசை வற்றிய முதியவரிடம் சிறுநீரகம் பாதி படுத்துவிட்டாலும் அது 1.1-லேயே நிற்கும். வழக்கமான காக்ராஃப்ட்-கால்ட் கணக்கில் போட்டால் 42 கிலோ, 64 வயதுப் பெண்ணுக்கு நிமிடத்துக்குச் சுமார் 34 மில்லி சுத்திகரிப்பு. அதே 1.1 உள்ள 24 வயது, 70 கிலோ இளைஞருக்குச் சுமார் 102. மூன்று மடங்கு வித்தியாசம். மெல்ட் இருவருக்கும் 0.9-தான் கொடுக்கிறது. போதாக்குறைக்கு, பல ஆய்வகங்கள் இன்னும் பயன்படுத்தும் ஜாஃபே முறையில் பிலிருபின் மிக உயர்ந்திருந்தால் கிரியாட்டினின் இன்னும் குறைவாகக் காட்டும். என்சைம் முறையில் எடுக்கச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். மணிக்கு மணி சிறுநீர் அளவை எழுதி வைத்தால் அது கிரியாட்டினினைவிட முன்னால் பேசும்.

இன்னொரு பள்ளம் அலகு. இந்தியாவில் பிலிருபின் மில்லிகிராமில் வரும். இலங்கையில் மைக்ரோமோலிலும் வரும். டெசிலிட்டருக்கு ஒரு மில்லிகிராம் என்பது லிட்டருக்கு 17.1 மைக்ரோமோல். செயலி மைக்ரோமோலில் நிற்பதைக் கவனிக்காமல் 16 என்று தட்டினால், அது ஒன்றுக்கும் கீழே என்று எடுத்துக்கொண்டு பிலிருபினுக்குப் பூஜ்யம் போடும். 31 வரவேண்டிய இடத்தில் 20 வரும். செயலி எச்சரிக்கவும் செய்யாது, ஏனென்றால் 16 மைக்ரோமோல் என்பது நல்ல ஆரோக்கியமான மனிதரின் எண்! ஐந்துக்கு இரண்டரை.

சண்டிகர் முதுநிலை மருத்துவக் கல்வி நிறுவனத்தினர் 2007-ல் வெளியிட்ட ஆறு குறிகளுக்கு இன்னும் அதிகப் புழக்கம் வரவேண்டும். வயது 50 அல்லது மேல், இடைவெளி 7 நாளுக்கு மேல், மூன்றாம் நான்காம் நிலைத் தடுமாற்றம், மூளை வீக்கம், புரோத்ராம்பின் நேரம் 35 நொடி அல்லது மேல், கிரியாட்டினின் 1.5 அல்லது மேல். ஏதாவது மூன்று இருந்தால் நிலை மோசம். கால்குலேட்டர் வேண்டாம், விரல் போதும். நம் நோயாளிக்கு வயது, இடைவெளி, 38 நொடி என மூன்று வருகிறது. இதிலும் வயது கோடுதான், ஆனால் நம் ஊர் நோயாளிகளை வைத்து வரைந்த கோடு. ஒரு குறை உண்டு. நொடிக் கணக்கு ஆய்வகத்துக்கு ஆய்வகம் மாறும். பயன்படுத்தும் ரசாயனத்தைப் பொறுத்து ஒரே ரத்தம் ஓரிடத்தில் 33, இன்னோரிடத்தில் 37 காட்டலாம். ஐந்துக்கு மூன்றரை.

கிளிஷி விதிகளை நம் பக்கம் யாரும் தொடுவதில்லை. 1986-ல் பிரெஞ்சுக்காரர்கள் ஹெப்படைட்டிஸ் பி நோயாளிகளை வைத்துச் செய்தது. குழப்பமோ கோமாவோ வந்து, 'காரணி ஐந்து' (ரத்தம் உறையக் கல்லீரல் செய்யும் புரதங்களில் ஒன்று) 30 வயதுக்குக் கீழே உள்ளவருக்கு 20 சதவீதத்துக்கும் குறைவாகவோ, 30-க்கு மேல் உள்ளவருக்கு 30 சதவீதத்துக்கும் குறைவாகவோ போனால் நிலை மோசம். வயதைத் தனி மார்க்காக வைக்காமல், வயதுக்கு ஏற்ப எல்லையைத் தளர்த்தியிருக்கிறார்கள். யோசித்துப் பார்த்தால் இதுதான் நேர்த்தியான வழி. முப்பதோடு நிறுத்திவிட்டது ஏமாற்றம். முப்பதும் எழுபதும் ஒன்றா?

ஆனால் முதியவர்களிடம் இந்தக் கருவிக்கு வேறெதிலும் இல்லாத ஒரு பலம் உண்டு. செயற்கை வால்வு, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற ஒழுங்கற்ற இதயத்துடிப்பு, காலில் ரத்தக்கட்டு என்று, ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரினோ அசினோகூமராலோ சாப்பிடுகிறவர்களில் பெரும்பகுதி முதியவர்கள். அவர்களுக்கு ஐ.என்.ஆர். 2.8 என்பது மருந்து வேலை செய்கிறது என்பதற்கான அடையாளம். அது கல்லீரலால் 4.5-க்கு ஏறினால், அதில் மருந்தின் பங்கு எவ்வளவு, கல்லீரலின் பங்கு எவ்வளவு? ஐ.என்.ஆரை நம்பும் அத்தனை கணிப்பானும் இந்த இடத்தில் ஊமை. காரணி ஐந்துக்கு வைட்டமின் கே தேவையில்லை, வார்ஃபரின் அதைத் தொடாது. அது விழுந்தால் கல்லீரல்தான் விழுகிறது. நீல மூடிச் சிட்ரேட் குழாயில், குறித்த கோடு வரை நிரப்பி அனுப்ப வேண்டும். பிளாஸ்மா (தானமாக வந்த ரத்தத்தின், உறைதல் காரணிகள் உள்ள திரவப் பகுதி) ஏற்றுவதற்கு முன்னால் எடுக்க வேண்டும். பிளாஸ்மா ஒரு பை ஓடிய பிறகு எடுத்தால் தானம் செய்தவரின் கல்லீரலைத்தான் அளக்கிறீர்கள். (ரத்தம் ஒழுகாதபோதும், ஊசி போடும் வேலை எதுவும் இல்லாதபோதும், 'ஐ.என்.ஆர். பயமுறுத்துகிறது' என்று பிளாஸ்மா ஏற்றும் பழக்கம் இன்னும் போகவில்லை. அதன் பிறகு எந்தக் கணிப்பானும் சொல்வது பொய்.) எல்லா ஆய்வகத்திலும் இந்தப் பரிசோதனை கிடைக்காது என்பதால் மூன்று. வார்ஃபரின் சாப்பிடுகிறவராக இருந்தால் நாலரை.

டெல்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்திலிருந்து 2012-ல் வந்த ஆல்ஃபெட் ஒரு நாள் எண்ணை நம்பாது. மூன்று நாள் எண் எப்படிப் போகிறது என்று பார்க்கும். அமோனியா 123-க்கு மேல் நிலைத்தால் 2, தடுமாற்றம் இரண்டாம் நிலை தாண்டினால் 2, பிலிருபின் 15-ல் நின்றால் 1, ஐ.என்.ஆர். 5-ல் நின்றால் 1. ஆறுக்கு நாலு என்றால் ஆபத்து. வயது இல்லை. நம் நோயாளிக்கு முதல் நாள் எண்ணே நீடித்தால் 3, மூன்றாம் நாள் தடுமாற்றம் ஒரு படி ஏறினால் 5. கருத்து அருமை. ஆனால் அமோனியாவை எடுக்கும் விதத்தில்தான் எல்லாம் கெடுகிறது. தமனியில் எடுத்து, ஐஸில் வைத்து, அரை மணிக்குள் மையவிலக்கில் சுற்ற வேண்டும். வார்டு பாய் டீ குடித்துவிட்டுப் போய்க் கொடுத்தால் 90 என்பது 140 ஆகிவிடும். தமனிக்குப் பதில் சிரையிலிருந்து, கட்டு இறுக்கி, முஷ்டியை மடக்கச் சொல்லி எடுத்தாலும் அப்படித்தான். தசை குறைந்தவர்களிடம் அமோனியாவை உறிஞ்சும் இடம் குறைவு என்பதால் உண்மையாகவே உயரலாம், அதையும் மறக்கக் கூடாது. ஐந்துக்கு மூன்று.

கடைசியாக ஏ.எல்.எஃப்.எஸ்.ஜி. குறியீடு. 2016-ல் சுமார் இரண்டாயிரம் அமெரிக்க நோயாளிகளை வைத்து வந்தது. தடுமாற்றம் ஆழமா இல்லையா, காரணம் சாதகமா, ரத்த அழுத்தத்தை ஏற்றும் மருந்து ஓடுகிறதா, பிலிருபின், ஐ.என்.ஆர். இவ்வளவுதான். மார்க் தருவதில்லை. மாற்று அறுவை இல்லாமல் 21 நாள் பிழைக்கும் வாய்ப்பைச் சதவீதமாகத் தருகிறது. வயதுக்கு இங்கேயும் இடம் இல்லை.

நம் நோயாளிக்கு 30 சதவீதம் வருகிறது. இரண்டாம் நிலையை மூன்றாம் நிலை என்று மாற்றினால் 14. வேறு எதையும் மாற்றாமல் காரணத்தை மட்டும் 'சாதகம்' என்று தட்டினால் 67. இந்த மூன்று எண்ணையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருங்கள். 30-ஐ 67 ஆக்குவது நோயின் காரணம். கிங்ஸ் விதியில் பாராசிட்டமாலுக்கு வயது ஏன் இல்லை என்பதற்கும் இதுதான் பதில். எது கல்லீரலைத் தாக்கியது என்பது, தாக்கப்பட்ட கல்லீரலுக்கு எத்தனை வயது என்பதைவிடக் கனமானது.

அதற்காக முழு மார்க் கொடுக்க முடியாது. 'சாதகமான காரணம்' என்ற பெட்டிக்குள் பாராசிட்டமால், ஹெப்படைட்டிஸ் ஏ, கர்ப்பகாலக் கல்லீரல் நோய் இவற்றோடு ரத்தஓட்டம் குறைந்து வரும் கல்லீரல் சேதத்தையும் போட்டிருக்கிறார்கள். முதியவர்களிடம் அடிக்கடி வருவது அதுதான். இதயம் தளர்ந்து ஒரு இரவு ரத்த அழுத்தம் விழுந்தால் மறுநாள் ஏ.எல்.டி. (கல்லீரல் செல் சிதைந்தால் கசியும் என்சைம்) ஆயிரக்கணக்கில் ஏறும், எல்.டி.ஹெச். என்ற இன்னொரு என்சைம் அதோடு போட்டி போடும், மூன்று நாளில் இரண்டும் மளமளவென்று இறங்கும். கல்லீரல் தேறிவிடும், இதயம் தேறுமா என்பதுதான் கேள்வி. அங்கே 67 சதவீதம் என்று வீட்டாரிடம் சொல்வது ஆபத்து. ஹெப்படைட்டிஸ் ஏ-யும் அப்படித்தான். பொதுவாக ஆயிரத்தில் மூன்று முதல் ஆறு பேரைக் கொல்லும் அது, ஐம்பது தாண்டியவர்களிடம் ஆயிரத்தில் பதினெட்டு வரை போகும். ஐந்துக்கு நாலு.

ஆறில் ஐந்து கணிப்பான்கள் தடுமாற்ற நிலையை நேரடியாகவோ நாள் எண்ணுவதற்காகவோ கேட்கின்றன. முதியவரிடம் மிக எளிதாகத் தப்பாகப் போகும் தகவல் அதுதான். 'இன்னைக்கு என்ன தேதிம்மா?' என்றால் 'ஆடி பத்தொன்பது' என்று பதில் வரும். கேட்டவருக்குத் தமிழ்த் தேதி தெரியாவிட்டால், சரியான பதிலுக்கு இரண்டாம் நிலை எழுதிவிடுவார். காது மிஷினைக் கழற்றி நகையோடு சேர்த்து மகளிடம் கொடுத்துவிட்டிருப்பார்கள். கேள்வியே காதில் விழாதவரை 'பதில் இல்லை' என்று எழுதுவது நடக்கிறது. மிஷினையும் கண்ணாடியையும் திரும்ப மாட்டிவிட்டுத் தொடங்குங்கள். தினமும் ஒரே காகிதத்தில் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். கைநாட்டு வைப்பவர் என்றால் ஒரு நட்சத்திரத்தைப் பார்த்து வரையச் சொல்லுங்கள். மூன்றாம் நாள் கோடு தடுமாறுவது ஸ்கோரைவிட முன்னால் தெரியும். கையை நீட்டி மணிக்கட்டைப் பின்பக்கமாக வளைத்தால் கை சிறகு போல அடித்துக்கொள்கிறதா என்பதையும் பாருங்கள்.

நிஜமாகவே தடுமாற்றம் இருந்தாலும், அது கல்லீரலாலா என்பது அடுத்த கேள்வி. தூக்கத்துக்குப் போட்ட குளோனசெபாம், 118-க்கு இறங்கிய சோடியம், சர்க்கரை 40, சிறுநீர்த் தொற்று, பத்து நாள் முன்னால் பாத்ரூமில் விழுந்ததில் மெதுவாகச் சேர்ந்த மூளை உறை ரத்தக்கட்டு, முன்பே இருந்த மறதி நோய். இத்தனையும் முதியவரிடம் போட்டி போடும். ஐ.என்.ஆர். 3 உள்ள அறுபது தாண்டியவர் குழம்பினால் தலை சி.டி. எடுக்காமல் நிலை எழுதக் கூடாது. இதில் ஒரு வேடிக்கை: மூளை வீங்கி மண்டைக்குள் அழுத்தம் ஏறுவது இளைஞர்களிடம்தான் அதிகம். வயதானால் மூளை சற்றுச் சுருங்கி வீங்க இடம் கிடைக்கிறது. அதனால் முதியவரைத் தூக்கிக்கொண்டு போவது பெரும்பாலும் தொற்று, சிறுநீரகம், இதயம். 'சி.டி.யில் வீக்கம் இல்லை, நல்லா இருக்கார்' என்ற ஆறுதல் அவருக்குப் பொருந்தாது. நாள்தோறும் ரத்தக் கல்ச்சரும் மார்பு எக்ஸ்-ரேயும்தான் அவர் கேட்பது.

அப்படியானால் வயது நேரடியாகச் செய்வது என்ன? கல்லீரலின் அளவும் ரத்த ஓட்டமும் வயதோடு குறைகின்றன, செல் பிரிந்து வளரும் வேகமும் குறைகிறது. இது விலங்குகளில் தெளிவாகத் தெரிவது. மனிதர்களில் அமெரிக்க ஏ.எல்.எஃப்.எஸ்.ஜி. குழு 1,126 பேரை 60 வயதுக் கோட்டில் பிரித்து 2009-ல் வெளியிட்ட கணக்கு வேறு கதை சொல்கிறது. பாராசிட்டமால் கேஸ்களில் மாற்று அறுவை இல்லாமல் பிழைத்தவர்கள் இளையவர்களில் 64.9 சதவீதம், முதியவர்களில் 60.0. மற்றக் காரணங்களில் 30.8, 24.7. வித்தியாசம் உண்டு, ஆனால் புள்ளியியல் கணக்கில் நிற்கவில்லை. பாராசிட்டமால் அல்லாத கேஸ்களில் மாற்று அறுவை செய்தவர்களையும் சேர்த்துப் பார்த்தால், பிழைத்தவர்கள் 67.9-க்கு 48.2 என்று பள்ளம் விழுகிறது. நடுவில் நடந்தது என்ன? முதியவர்கள் மாற்று அறுவைப் பட்டியலில் குறைவாகவே ஏற்றப்பட்டார்கள். பள்ளத்தின் ஒரு பகுதியைத் தோண்டியது கல்லீரல், பெரும்பகுதியைத் தோண்டியது பட்டியல்.

பட்டியலில் ஏற்றத் தயங்குவதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஐரோப்பியப் பதிவேட்டில், பெறுபவருக்கு 50 தாண்டியிருப்பதும் கொடுப்பவருக்கு 60 தாண்டியிருப்பதும் அறுவைக்குப் பிந்தைய மரணத்தோடு சேர்ந்தே வருகின்றன. இரண்டும் ஒரே கேஸில் சேர்ந்தால் இன்னும் மோசம். இதயத்தில் அடைப்பு இருக்கிறதா, மார்பகப் புற்றோ லிம்ஃபோமாவோ கல்லீரல் முழுக்கப் பரவி இந்த வேடம் போட்டிருக்கிறதா என்றும் பார்த்துவிட வேண்டும். ஆனால் இவை ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டியவை. பிறந்த தேதியை வைத்து முடிவு செய்ய வேண்டியவை அல்ல. இந்தியாவில் 65 தாண்டினால் மூளைச்சாவு அடைந்தவரின் உறுப்புக்குப் பதிவு செய்ய முடியாது என்றிருந்த வரம்பை 2023-ல் மத்திய அரசு எடுத்துவிட்டது. 'அறுபத்தஞ்சுக்கு மேல சட்டப்படி முடியாது' என்று இன்னும் யாராவது சொன்னால் அது பழைய செய்தி.

நடைமுறையில் நம் பக்கம் பெரும்பாலும் உயிருள்ள கொடையாளர்தான். அறுபது தாண்டியவருக்குக் கொடுக்க வருவது மகனோ மகளோ. பெறுபவரின் எடையில் 0.8 சதவீதம் எடையுள்ள கல்லீரல் துண்டு வேண்டும். நம் 42 கிலோ பெண்ணுக்கு அது சுமார் 340 கிராம். மெலிந்த முதியவருக்கு இந்தக் கணக்கு சாதகமாகவே அமையும் என்பது பலர் கவனிக்காதது. ரத்த வகை, சி.டி. அளவு, தொற்றுப் பரிசோதனை, அனுமதி வாங்குவதற்கான உறவுச் சான்று எல்லாம் ஒன்று இரண்டு நாளில் முடிய வேண்டும். ஆதாரும் குடும்ப அட்டையும் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்ததால் அரை நாள் போவது சகஜம். கொடையாளரிடம் தனியாக, மற்ற உறவினர் இல்லாத அறையில், மறுக்கும் உரிமை அவருக்கு உண்டு என்று சொல்லிக் கேட்க வேண்டும். அம்மா உள்ளே கிடக்கும்போது வராந்தாவில் எல்லோர் முன்னாலும் கேட்டால் யார்தான் முடியாது என்பார்கள்?

அதுவரை கையில் இருப்பது, பாராசிட்டமால் விஷத்துக்கு முறிமருந்தான அசெட்டைல்சிஸ்டீன். பாராசிட்டமால் அல்லாதவர்களிலும் முதல் இரண்டு நிலைத் தடுமாற்றத்தில் கொடுத்தபோது மாற்று அறுவை இல்லாமல் பிழைத்தவர்கள் 52 சதவீதம், கொடுக்காதபோது 30. மூன்று நான்காம் நிலையில் பலன் தெரியவில்லை. முதல் மணி நேரம் கிலோவுக்கு 150 மில்லிகிராம், அடுத்த நாலு மணி நேரம் மணிக்கு 12.5, பிறகு 67 மணி நேரம் மணிக்கு 6.25. 42 கிலோவுக்கு முதல் மணியில் 6.3 கிராம், மொத்தம் சுமார் 26 கிராம். ஐந்து சதவீத டெக்ஸ்ட்ரோஸில் கலப்பார்கள். இதயம் பலவீனமான முதியவருக்குப் புத்தகத்தில் போட்ட முழு அளவு நீரை ஏற்றினால் நுரையீரலில் நீர் கோக்கும், சோடியம் விழும். அடர்த்தியாகக் கலந்து, மத்தியச் சிரை (இதயத்துக்குப் பக்கத்துப் பெரிய ரத்தக் குழாய்) வழியாக, சிரிஞ்ச் பம்பில் விட வேண்டும்.

ஒரே ஒரு கணிப்பானைத்தான் ஃபோனில் வைத்துக்கொள்ள இடம் என்றால் ஏ.எல்.எஃப்.எஸ்.ஜி. வைத்துக்கொள்ளுங்கள். சண்டிகரின் ஆறு குறியை உள்ளங்கையில் எழுதிக்கொள்ளலாம். மெல்ட்டை அழித்துவிட வேண்டாம், மாற்று அறுவை மையத்தில் ஃபோனை எடுப்பவர் முதலில் கேட்பது அதைத்தான். அவரிடம் 31 என்று மட்டும் சொல்லாதீர்கள். காரணம், எத்தனையாவது நாள், கடைசியாகப் பிளாஸ்மா ஏற்றிய நேரம், வார்ஃபரின் உண்டா இல்லையா, நோய் வருவதற்கு முந்தின வாரம் அவர் தானே நடந்து கடைக்குப் போய் வந்தாரா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பன்னிரண்டு மணி நேரம் கழித்து ஐ.என்.ஆர். வந்ததும் மறுபடி தட்டிப் பாருங்கள். அப்போதும் மிஷின் காதில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நிலையை எழுத வேண்டும்.